விளையாட்டுக்கு நோக்கம் உண்டா?

தாராவியில் பத்துக்குப் பத்து அடி அறை ஒன்று. மூன்று வயதுக் குழந்தை எவர்சில்வர் டம்ளரைத் தரையில் சுழற்றிக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. தாய் டம்ளரைப் பிடுங்கிவிட்டு, படப்புத்தகத்தைக் காட்டி, "இது என்ன, சொல்லு" என்கிறாள். குழந்தை வீறிடுகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசதியான வீடுகளிலும் இக்காட்சி உண்டு. அங்கே பொம்மையின் விலை அதிகம், அவ்வளவே.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இளம் வயதிலேயே விளையாட்டின் வழியாகத் துணைசெய்ய வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் விளையாட்டு பயன் கருதாதது அல்லவா? படைப்பை லீலை என்கிறது பிரம்மசூத்திரம். அதனால் இறைவன் அடைய வேண்டியது ஏதுமில்லை என்பதே அதன் கருத்து. அப்படியிருக்க, குழந்தையை மற்றவர்போல் ஆக்கிவிட வேண்டும் என்ற கணக்கோடு அதன் முன் உட்காருவது விளையாட்டா, விளையாட்டின் வேடம் பூண்ட பாடமா?

இக்கேள்வியைத் தாயிடம் கேட்கும்முன் சற்றுத் தயங்க வேண்டும். அவள்மீது ஏற்கெனவே பெரும்பழி சுமத்தப்பட்டிருக்கிறது. 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே காரணம் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே செல்வாக்குடன் இருந்தது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964 இல் வெளியிட்ட நூல் அதை மறுத்தது. நூல் மறுத்தாலும் உறவினர் வாய் இன்றும் ஓயவில்லை.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2016 இல் வெளிவந்தது. வீடுகளுக்குச் சென்றவர்கள் சிறப்பு மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள். தாயோ தந்தையோ குழந்தையுடன் விளையாடுவதைப் படம்பிடித்து, பின்னர் அவர்களோடு சேர்ந்து அதைப் பார்த்தார்கள். குழந்தை கணநேரம் ஏறிட்டுப் பார்த்ததையும், பெரியவர் அதைக் கவனியாமல் அடுத்த கேள்விக்குத் தாவியதையும் பெற்றோரே கண்டுகொண்டார்கள். நாளடைவில் பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பதில் தருவது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்ள முனைவதும் கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே முதலில் மாற்றப்பட்டது பெரியவரின் அவசரம். குழந்தையைத் திருத்தும் வேலை இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

அப்படியானால் எதிர்பார்ப்பே கூடாதா? கூடாது என்று சொல்வது எளிது. சொல்பவருக்கு அந்தக் குழந்தை இல்லை. "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று இரவில் விழித்திருக்கும் தாயிடம் பற்றின்மையைப் போதிப்பது கொடுமை. வலித்தால் சொல்லவும், 90 அடிச் சாலையில் தாயின் கையைப் பிடித்து நடக்கவும் குழந்தை கற்க வேண்டும் என்பது நியாயமான விருப்பம், அது குழந்தைக்கானது. கையை உதறாதே, கண்ணைப் பார்த்துப் பேசு என்று அடக்குவது பெரும்பாலும் நம் வெட்கத்துக்கானது. வளர்ந்தபின் தம் அனுபவத்தைப் பேசும் ஆட்டிசம் உடையவர்கள் பலர் இந்த இரண்டாவதைத்தான் கண்டிக்கிறார்கள். யாருடைய தேவைக்காக என்று கேட்டுக்கொண்டால், எந்த நோக்கம் தகும் என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இன்னொன்று உண்டு. காத்திருப்பதற்கு நேரம் வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் வேளைக்குக் குடத்தோடு ஓட வேண்டிய, வீட்டிலிருந்தே கூலிவேலையும் செய்ய வேண்டிய பெண்ணுக்குப் பத்து நிமிடம் என்பது பெருஞ்செல்வம். ஆகவே இது அவள் ஒருத்தியின் பொறுமையைப் பற்றிய பிரச்சினை அன்று. மும்பையில் டாக்டர் விபா கிருஷ்ணமூர்த்தி 2001 இல் தொடங்கிய 'உம்மீத்' நிறுவனம், சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளிப்பது இதனால்தான் முக்கியமாகிறது. அங்கன்வாடி ஊழியருக்கு இது தெரிந்திருந்தால், அடுத்த வீட்டுப் பாட்டி தண்ணீர் பிடித்துக் கொடுத்தால், அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும்.

அப்போது தாய் இன்னொரு டம்ளரை எடுத்து, குழந்தையின் அருகே அமர்ந்து, தானும் சுழற்றலாம். ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. அவளுடைய டம்ளர் உருண்டு கட்டிலடியில் போகிறது. குழந்தை அது போன திசையைப் பார்க்கிறது; பிறகு, ஒரு நொடி, அவளைப் பார்க்கிறது.