மறதி யாருடைய குற்றம்?

“ஊரை விட்டுப் போனார், உறவையும் மறந்தார்.” இப்படி எத்தனை இலகுவாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்! அன்பு வாசகரே, அந்தத் தீர்ப்பு நீதியானதுதானா?

நினைவு அழிவது வேறு. நினைவுக்குச் செல்லும் வழி அடைபடுவது வேறு. உளவியலாளர் எண்டல் டல்விங் தம் சக ஆய்வாளருடன் 1966இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைக் காட்டுகிறது. சொற்பட்டியலொன்றை மனனம் செய்தவர்களால் பல சொற்களைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. விலங்கு, பழம் என்பன போன்ற வகைப்பெயர்களைக் காட்டியதும் மறந்த சொற்களில் பல திரும்பி வந்தன. 1975இல் கோடன், பாட்லி என்னும் இருவர் சுழியோடிகளை ஆராய்ந்தார்கள். நீருக்கடியில் கற்ற சொற்கள் கரையிலே குறைவாகவும் நீருக்கடியிலே கூடுதலாகவும் நினைவுக்கு வந்தன. ஆம், நாம் கற்ற இடமே நினைவின் திறவுகோல்.

இப்போது நம் மக்களை எண்ணிப் பாருங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கண்டிச் சீமைத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கோத்தகிரி, கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியோருக்குக் கொழுந்தின் வாசமாவது மிஞ்சியது. சமவெளி நூற்பாலைகளுக்குப் போனவர்களுக்கு? ஹுன்னஸ்கிரியவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் படும் பனியும், நிமிர்ந்தால் தெரியும் நக்கிள்ஸ் மலையும் அங்கே ஏது? பிரட்டுக்களமும் லயத்து வாசலும் ஏது? ஞாபகமூட்ட எதுவுமில்லாத இடத்தில் மறந்தவரை நன்றிகெட்டவர் என்பது அநியாயமல்லவா?

“அப்படியானால் மறதி எவருக்குமே குற்றமாகாதா?” என்று நீங்கள் கேட்கலாம். கடன் கொடுத்தவர் கண்முன்னே நிற்கும்போதும் மறந்தவர்போல் நடப்பது மறதியல்ல, வஞ்சகம். ஞாபகமூட்டும் அடையாளங்களை நாமே அழியவிட்டுப் பின்பு மறந்துபோனோம் என்பதும் குற்றமே. பாட்டன் பாட்டியின் புதைகுழிமேல் காடு மண்ட விட்டால், பிள்ளைகள் எதைப் பார்த்து அவர்களை நினைப்பார்கள்?

ஆகவே, வீட்டிலுள்ள முதியவரிடம் “ஞாபகமில்லையா?” என்று அதட்டாதீர்கள். “எந்த டிவிசன்? எத்தனையாவது லயம்? கங்காணி பெயர் என்ன? பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பழைய படத்தை எடுத்துக் கையில் கொடுங்கள். சொல்லும் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கடல் கடந்த உறவினருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அவர் மறந்தது உங்களையல்ல, உங்களிடம் வரும் வழியைத்தான்.

மறந்தவரைக் குறைகூறுமுன், அவருக்கு ஞாபகமூட்ட நாம் என்ன செய்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.