ஏரும் கிட்டங்கியும்

ஒரு மணி நெல்லும் விளையாத வீதியில் நின்று உழவின் மேன்மையைச் சிந்திப்பது சற்று விசித்திரமே. 1786இல் பிரான்சிஸ் லைட் அடிகோலிய பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன், கப்பல் சரக்கை வாங்கியும் விற்றும் வளர்ந்த பட்டணம். இங்கே பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், வருவாயில் மகமை ஒதுக்கித் தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கண்டனர். வட்டியால் பெருகிய அந்தச் சம்பத்து ஆதியில் எங்கே ஜனித்தது என்பதே என் கேள்வி.

பதினைந்தாம் லூயி மன்னரின் அரண்மனை வைத்தியரான பிரான்சுவா கெனே, 1758இல் வகுத்த தம் பொருளாதார அட்டவணையில் இதற்குத் தயக்கமின்றி விடை சொன்னார்: இட்டதற்குமேல் மிகுதி தருவது மண் ஒன்றே, கைவினைஞரும் வணிகரும் பொருளின் உருவத்தையும் இடத்தையும் மாற்றுவதன்றிப் புதிதாக எதையும் ஈனாத மலட்டு வகுப்பினர். அம்மிகுதி இயற்கையின் தானம், நம் வழக்கில் சொன்னால் பிரசாதம். ஆனால் பிரசாதத்தைக் குத்தகையாகப் பெற்றுக்கொள்பவன் நிலவுடைமையாளன். அதனால்தான் வரி முழுவதையும் அவன்மேல் மட்டுமே விதிக்கவேண்டும் என்றார் அந்த நேர்மையான வைத்தியர்.

மலடு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி வயலாக்கிய குடியானவனுக்கு முதல் கொடுத்தது நகரத்தாரின் கடனே. 1930களின் பொருளாதார மந்தத்தில் அவ்வயல்களில் கணிசமான பகுதி ஈட்டுக் கடனுக்காக அவர்கள் கைக்கே வந்து சேர்ந்ததும் உண்மைதான்.

கெனேயைப் போலவே மண்ணை உயர்த்திய வள்ளுவரும் கடவுளை அடுத்து மழையை வைத்தவர். ஏனையோரெல்லாம் உழுபவனைத் தொழுது பின்செல்வோர் என்று கண்டவர். ஆனால் அவருடைய நிலக்கிழான், நாள்தோறும் வயலுக்குச் சென்று பார்க்கவேண்டியவன். போகாவிட்டால் நிலம் மனைவியைப்போல் ஊடும். கையால் உழைத்து உண்பவன் எவரிடமும் இரக்கமாட்டான் என்றும் உறுதி கூறினார். அப்படிச் சொன்னவர், 104ஆம் அதிகாரமான உழவுக்கு அடுத்து வறுமையாகிய நல்குரவையும், அதன்பின் இரத்தலாகிய இரவையும் வைத்தது ஏனோ? கடலுக்கு அக்கரையில், அந்நாளில் வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில், ஒப்பந்தக் கூலிகளாக வந்து மண்வெட்டி பிடித்த நம்மவரை நினைக்கும்போது அந்த வரிசை எனக்கு விளங்குவதுபோல் இருக்கிறது. அவர்கள் கொத்தியது பிறர் மண்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் இவ்வீதியில் தண்டாயுதபாணியின் வெள்ளி ரதம் வருகையில் தமிழரும் சீனரும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்க, அவற்றின் நீர் தெருவெங்கும் ஓடுகிறது. கெனே அதில் மண்ணின் தானத்தைக் கண்டிருப்பார். கிட்டங்கிக்காரர் முருகனுக்குரிய பங்கைக் காண்கிறார். எனக்கோ, அந்தக் காயைப் பறித்துப் போட்டவன் கூட்டத்தில் எங்கே நிற்கிறான் என்று தேடத் தோன்றுகிறது.