ஒழுங்கு உழைப்பைப் பெருக்குமா?



கணக்கு எழுதுவதால் கடைக்கு லாபம் உண்டா என்று கேட்டால், "கணக்கா சரக்கை விற்கிறது? விற்பவன் கடைச் சிப்பந்தி அன்றோ?" என்பார் ஒருவர். "கணக்கில்லாத கடை எத்தனை நாள் நிற்கும்?" என்பார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. இதே வழக்குத்தான் கணினிகளுக்கு மென்பொருள் எழுதும் தொழிலிலும் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. இன்று நம் கடைகளின் கல்லாவும் இருப்புக் கணக்கும் மென்பொருளால் இயங்குகின்றன. நம் பிள்ளைகளில் பலர் அத்தொழிலிலேயே சம்பாதிக்கின்றனர். ஆகவே, அவ்வழக்கை நாமும் சற்று விசாரிப்பது தகும்.

1980களில் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவுக்குப் பெருங்கவலை ஒன்று இருந்தது. மென்பொருள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் சொன்ன காலத்தில் முடிப்பதில்லை. சொன்ன விலையிலும் முடிப்பதில்லை. அந்த இலாகாவின் பொருளுதவியால் 1984இல் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிலையம் தோன்றியது. ஐ.பி.எம். நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ப்ரி 1986இல் அங்கு வந்து சேர்ந்தார். அவர் வகுத்த வழியில் 1991இல் 'திறன் முதிர்ச்சி மாதிரி' வெளியாயிற்று. அதில் ஐந்து படிகள் உண்டு. முதற்படியில் வேலை மனம்போன போக்கில் நடக்கும். இரண்டாம் படியில் ஒருமுறை நன்றாகச் செய்ததை மறுமுறையும் செய்ய முடியும். மூன்றாவதில் முறைகள் எழுதி வைக்கப்பெற்று எல்லோருக்கும் பொதுவாகும். நான்காவதில் யாவும் அளக்கப்படும். ஐந்தாவதில் அளந்து கண்டதைக் கொண்டு முறையே திருத்தப்படும்.

படி ஏறினால் உழைப்பின் பயன் ஏறுமா? தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிராட் கிளார்க் என்னும் ஆய்வாளர் 161 மென்பொருள் வேலைகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். படியேறும் நிறுவனம் நல்ல ஆட்களையும் நல்ல கருவிகளையும் சேர்த்தே பெறுவதுண்டு. அவற்றால் வந்த லாபத்தை முறையின் கணக்கில் வரவு வைத்தல் நேர்மையாகாது. எனவே, அவற்றைக் கழித்துவிட்டு அவர் கண்ட விடை இது: ஒரு படி உயர்ந்தால் உழைப்பு 4 முதல் 11 சதவீதம்வரை மிச்சமாகும். நூறு ஆள்மாத வேலையில் நான்கு முதல் பதினொன்று வரை மிச்சம்! வியாபாரி இதனை அற்பமென்று தள்ளமாட்டார்; இதனால் கோடீசுவரன் ஆவோம் என்றும் துள்ளமாட்டார்.

இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. பாரி போயம் என்ற அறிஞர் 1981இல் வெளியிட்ட நூலில், மென்பொருட் செலவைக் கூட்டிக் குறைக்கும் காரணங்களை நிறுத்துப் பார்த்தார். குழுவினரின் திறமையே யாவற்றிலும் கனத்தது. திறமை மிகக் குன்றிய குழுவுக்கும் மிக்குயர்ந்த குழுவுக்கும் இடையே நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு! 2001இல் யூட்டா மாநிலத்தில் கூடிய பதினேழு மென்பொருளாளர்களும், முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களையும் அவர்கள் கலந்து பேசுவதையும் மேலாக மதிப்பதாக அறிக்கை விடுத்தனர்.

அப்படியானால், முறை எதற்கு? இங்கேதான் கேள்வி கணக்கை விட்டு அறத்துக்குள் நுழைகிறது.

அமெரிக்க விண்வெளி ஓடத்தை இயக்கிய மென்பொருளை எழுதிய ஹூஸ்டன் குழுவினரைப் பாருங்கள். 1989இலேயே ஐந்தாம் படியிற் சேர்த்து மதிப்பிடப்பட்டவர்கள் அவர்கள். 1996இல் வெளிவந்த செய்தியின்படி, சுமார் 4,20,000 வரிகள் கொண்ட அம்மென்பொருளின் கடைசி மூன்று பதிப்புகளில் தலைக்கு ஒரே ஒரு பிழைதான் இருந்தது. ஆனால், அதற்கு 260 பேர் உழைத்தனர். ஆண்டுச் செலவு மூன்றரைக் கோடி டாலர். ஒரு நாளைக்கு எத்தனை வரி எழுதினார்கள் என்று எண்ணினால் அவர்களைச் சோம்பேறிகள் என்றே சொல்லத் தோன்றும்! ஆனால், அங்கே ஒரு பிழை என்பது மனித உயிர். விற்ற சரக்கை மட்டும் எண்ணித் திரும்பி வந்த சரக்கை எண்ணாதவன் வியாபாரியா? எழுதிய வரியை எண்ணித் திருத்திய வரியை எண்ணாதவனும் அத்தகையவனே. முறை தரும் லாபத்தில் பெரும்பங்கு இந்தத் 'திரும்பி வரும் சரக்கு' குறைவதில்தான் இருக்கிறது.

அக்குழுவினரின் வழக்கம் ஒன்று நம் உள்ளத்தைத் தொட்டது. பிழை கண்டால் "எவன் செய்தான்?" என்று அவர்கள் கேட்டதில்லை. "எந்த வாசல் வழியாக நுழைந்தது? அதே வாசலால் வேறெவை நுழைந்திருக்கும்?" என்று கேட்டார்கள். மாலையில் உரிய நேரத்தில் வீடு திரும்பினார்கள். கல்லாவில் பணம் குறைந்தால் கடைப்பையனைத் திட்டுவது சுலபம். இரவு பதினோரு மணிக்குக் களைத்த கண்ணோடு அவனைக் கணக்குப் பார்க்க வைத்தது யார் என்று முதலாளி தம்மையே கேட்டுக்கொள்வது கடினம். நல்ல முறை அந்தக் கடினமான கேள்வியைக் கேட்க வைக்கிறது. எளியவன் தலையில் பழி விழாமல் காக்கிறது.

ஆனால், நல்ல முறையே கெட்டுப்போவதும் உண்டு. படிநிலை ஒப்பந்தம் பெறுவதற்குத் திறவுகோலானபோது, படியை நாடாமல் பத்திரத்தை நாடும் ஆசையும் பிறந்தது. சோதனையாளர் வரும் வாரத்தில் ஏடுகள் நிரப்பப்படுமானால், அது தராசின்மேல் துணி போர்த்தி வைப்பதற்கு ஒப்பாகும். அந்த ஏடுகளை நிரப்பும் நேரமும் வேலையாளின் உழைப்பிலிருந்தே திருடப்படுகிறது.

ஆகவே, நாம் கொள்ளும் முடிவு இது: ஒழுங்கு உழைப்பைப் பெருக்கும், சிறிதளவே பெருக்கும். அந்தச் சிறிதளவும், முறையைத் தாங்குபவர்கள் அதனைத் தமதென்று கருதினால்தான் கிட்டும். திறமையில்லாத இடத்தில் அது திறமையைப் படைக்காது. திறமையுள்ளவன் விலகிய நாளில் கடை சாயாமல் தாங்கும். மென்பொருள் வாங்கப் போகும் வணிகர், "உங்கள் படி எத்தனை?" என்று கேட்பதோடு நில்லாமல், "சென்ற முறை பிழை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்றும் கேட்பாராக. அதே கேள்வியைத் தம் கடையிலும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராக.