உடன் நிற்கும் கண்

நண்பர்கள் கூட்டாகச் சேர்ந்து தூர தேசங்களைச் சுற்றிப் பார்க்கப் போவதை ஞானிகள் பலர் சற்று ஐயத்தோடுதான் பார்த்திருக்கிறார்கள். ஊர் மாறினால் மனம் மாறிவிடாது, போகிற இடத்துக்கெல்லாம் தன்னையே சுமந்துகொண்டு போகிறவனுக்குப் பயணம் மருந்தாகாது என்று ரோமத் தத்துவஞானி செனெக்கா தம் நண்பர் லூசிலியஸுக்கு எழுதினார். அவருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த புனித அகுஸ்தினார், மலையையும் கடலையும் விண்மீன்களையும் வியக்கக் கிளம்பும் மனிதர்கள் தங்களைக் கவனிக்க மறந்துவிடுகிறார்களே என்று வருந்தினார். நண்பர்களும் சேர்ந்துகொண்டால் இந்தக் குற்றம் இரட்டிப்பாகிறது. வெளியே ஓடிய மனம் கொஞ்சம் உள்ளே திரும்பலாம் என்று பார்த்தால், பேச்சும் சிரிப்பும் போட்டோவும் அதைத் திரும்ப விடுவதில்லை. எளிதில் தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டு அல்ல இது. ஆனாலும் இதன் அடியில் ஒரு பிழையான நம்பிக்கை இருக்கிறது: மனிதன் தன்னைக் கண்டுகொள்வது தனிமையில், கண்ணை மூடி உள்ளே திரும்பும்போது மட்டும்தான் என்ற நம்பிக்கை. என் வாதம் இதற்கு மாறானது. நம்மைவிடப் பெரிய ஒன்றின் முன் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் நண்பரின் கண்தான் நம் பார்வையின் எல்லையை நமக்குக் காட்டித் தருகிறது. அந்த எல்லையை உணர்வதுதான் பணிவு. பணிவு இல்லாமல் எந்த இடமும் யாருக்கும் புனிதமாவதில்லை.

அகுஸ்தினாரின் கட்சிக்குச் சான்றாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது பெத்ரார்க்கின் மலையேற்றம். 1336 ஏப்ரல் 26 அன்று அந்த இத்தாலியக் கவிஞர் தென் பிரான்ஸில், 1,900 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரமுள்ள வென்டூ மலையில் ஏறினார். அந்த உயரத்தைப் பார்க்கும் ஆசை ஒன்றே காரணம் என்று தம் கடிதத்தில் சொல்கிறார். உச்சியில் நின்று அகுஸ்தினாரின் நூலைத் திறந்தபோது, மலைகளை வியப்பவர்களைப் பற்றிய அதே இடத்தில் கண் விழுந்ததாம். வெட்கப்பட்டு நூலை மூடியவர் அடிவாரம் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியை உள் வென்ற கதையாகவே இது சொல்லப்பட்டு வருகிறது. பிற்காலத்தில் அவர் அந்தக் கடிதத்தைச் செப்பனிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும், அவர் என்ன சொல்ல விரும்பினார் என்பதற்கு அது சான்றுதான். அதே கடிதத்தின் முற்பகுதியைப் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது. யாரைத் துணைக்கு அழைப்பது என்று நண்பர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, ஒருவர் மந்தம், ஒருவர் அவசரம், ஒருவர் துயரம், ஒருவர் ஓயாத உற்சாகம் என்று கழித்துவிட்டு, கடைசியில் தம்பி ஜெரார்டோவை அழைத்துப் போகிறார். தம்பி செங்குத்தான முகட்டில் நேராக ஏறுகிறான். அண்ணன் சுலபமான வழி தேடிப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, திரும்பத் திரும்பக் களைக்கிறார். களைத்து உட்கார்ந்த ஒரு தருணத்தில்தான், தம் ஆன்ம வாழ்வும் இப்படியே செங்குத்தை ஒதுக்கிச் சுற்றுவழி தேடுகிறது என்று அவருக்கு உறைக்கிறது. அந்த அறிவைத் தந்தது நூல் அல்ல; மேலே நேராகப் போய்க்கொண்டிருந்த தம்பியின் முதுகு. உச்சியிலோ, என்ன படிக்கப் போகிறார் என்று காது கொடுத்து நின்ற அதே தம்பியைத் தொந்தரவு செய்யாதே என்று சொல்லி நூலை மூடிவிட்டார். தம்பி அங்கே என்ன கண்டான் என்பதற்குக் கடிதத்தில் இடமே இல்லை. அந்த மலையேற்றத்தில் நிகழ்ந்த இழப்பு அதுதான்.

அகுஸ்தினாரின் வாழ்வே அவருடைய கடுமையைத் திருத்துகிறது. 387இல் அவரும் தாய் மோனிக்காவும் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறுவதற்காக ரோமுக்கு அருகிலுள்ள ஓஸ்தியாவில் தங்கியிருந்தார்கள். நெடும்பயணத்தின் களைப்பு ஆற, தங்கிய வீட்டின் தோட்டத்தைப் பார்த்திருந்த ஒரு சன்னலில் இருவரும் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் படைப்பிலிருந்து படிப்படியாக மேலேறிய அந்தப் பேச்சு, ஒரு கணம் என்றுமுள்ள ஞானத்தைத் தொட்டு மீண்டது என்று அவர் எழுதுகிறார். சில நாட்களில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்து இறந்துபோனார். அகுஸ்தினார் தம் வாழ்வில் எட்டிய உயரங்களில் ஒன்றாகச் சொல்லும் அந்தக் கணம் தனிமையில் வரவில்லை. உடன் ஒருவர் இருந்தார், வெளியே ஒரு தோட்டம் இருந்தது, இடையே பேச்சு இருந்தது. கண் வெளியே போவதல்ல சிக்கல்; போன கண் எதைக் கேட்டுத் திரும்புகிறது என்பதுதான்.

வானத்துக்கே ஏறி அண்டத்தின் அமைப்பையும் விண்மீன்களின் அழகையும் கண்டாலும், சொல்ல ஒருவர் இல்லையென்றால் அந்த வியப்பு இனிக்காது என்று கிரேக்கத் தத்துவஞானி ஆர்க்கிட்டஸ் கருதியதாக ரோம எழுத்தாளர் சிசரோ சொல்கிறார். இது இனிமையைப் பற்றிய பேச்சு. உண்மையைப் பற்றியும் இதையே சொல்லலாம். கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்கு நண்பர் நால்வர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பிய அந்தக் கோயிலில், ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. நம் ஊரிலிருந்து போகிறவர் அதன் முன் நின்றதும், இது நம்முடைய கதை, நம்முடைய கோயில் என்று நெஞ்சு நிமிர்த்துவது இயல்பு. தனியே வந்திருந்தால் அந்தப் பெருமிதத்தோடேயே திரும்பியிருப்பார். ஆனால் உடன் வந்தவர் மேற்கு வாயிலிலேயே நின்றுவிட்டார். எட்டுக் கைகளோடு உயர்ந்து நிற்கும் திருமால் சிலைக்குக் காவித் துணி போர்த்தியிருக்கிறார்கள். கெமர் பெண் ஒருத்தி ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறாள். அவள் பௌத்தப் பெண். அவளுக்கு அந்தச் சிலை தன் மண்ணைக் காக்கும் முன்னோர் தெய்வம். நண்பர் ‘இதைப் பார்த்தாயா’ என்று கேட்கும்போது, முதலாமவர் கண்ட கோயில் பொய்யாகிவிடுவதில்லை. ஆனால் அது தம் கண்ணுக்குள் அடங்கிவிட்டது என்ற எண்ணம் உடைகிறது. தனியாகப் பார்க்கிறவருக்குத் தம் வியப்பும் வியக்கப்படும் பொருளும் ஒன்றாகவே தோன்றும். இரண்டும் வேறு என்று காட்ட இன்னொரு கண் வேண்டும்.

இதற்கு வலுவான சான்று 1,600 ஆண்டுகளுக்கு முந்தையது. 399இல் சீனத்துறவி பாஹியான், துறவு ஒழுக்க நூல்களின் முழுமையான படிகளைத் தேடி, துறவித் தோழர்கள் சிலரோடு சாங்கானிலிருந்து கிளம்பினார். பறவையும் விலங்கும் இல்லாத பாலைவனத்தில் இறந்தவர்களின் எலும்புகளே வழிகாட்டின. போகப்போகச் சிலர் திரும்பிவிட்டார்கள். பனிமலை ஒன்றைக் கடக்கும்போது ஹுய்ஜிங் என்பவர் வாயில் நுரை தள்ளி விழுந்தார். எல்லோரும் சாக வேண்டாம், நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டு உயிர் விட்டார். அவர் உடலைத் தடவி அழுத பாஹியான், எஞ்சிய தோழர் தாவோசெங்கோடு மேலே நடந்தார். சிராவஸ்தியின் ஜேதவனத்தை இருவரும் அடைந்தபோது, புத்தர் 25 ஆண்டுகள் வாழ்ந்த இடம் இது என்று எண்ணியதும் அவர்களுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல. தாங்கள் எல்லைப்புற நாட்டில் பிறந்தோமே என்ற ஏக்கமும், உடன் புறப்பட்டவர்களில் திரும்பியவர்கள், இறந்தவர்கள் நினைவும்தான் வந்தன. பார்க்க வராமல் போனவர்களின் கண்களும் அங்கே அவர்களோடு இருந்தன. அங்கிருந்த துறவிகள் வெளியே வந்து, இவ்வளவு தூரத்திலிருந்து அறம் தேடி வந்தீர்களா என்று வியந்தார்கள். பார்க்கப் போனவர்களே பார்க்கப்படுபவர்களாகவும் ஆனார்கள்.

பாடலிபுத்திரத்தில் நடந்தது அதைவிடக் கனமானது. அங்குள்ள துறவிகளின் ஒழுங்கை இருவரும் சேர்ந்துதான் கண்டார்கள். தாவோசெங், இனி எல்லைப்புற நாட்டில் பிறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பாஹியான் மூன்று ஆண்டுகள் தங்கி மொழி கற்று நூல்களைப் படியெடுத்து, இந்த ஒழுக்கம் தம் மக்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று தனியே திரும்பினார். ஒரே காட்சி ஒருவரை இருத்தியது, இன்னொருவரை அனுப்பியது. இதில் யார் சரியாகப் பார்த்தார் என்று கேட்பது வீண். பாஹியான் மட்டும் வந்திருந்தால், பாடலிபுத்திரம் சொல்வது ‘எடுத்துக்கொண்டு போ’ என்பதுதான் என்று நாம் நினைத்திருப்போம். தாவோசெங் உடன் இருந்ததால்தான், ‘இங்கேயே இரு’ என்றும் அது சொல்லக்கூடும் என்று தெரிகிறது. அந்தத் தோழமையின் இழப்பு என்ன செய்தது என்பதை இலங்கையில் பார்க்கிறோம். அநுராதபுரத்து அபயகிரி விகாரையில், பச்சைக்கல் புத்தர் சிலையின் அருகே வணிகர் ஒருவர் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்திருந்தார். அதைக் கண்டதும் பாஹியானுக்குக் கண்ணீர் பெருகியது. ஊர் நினைவு மட்டுமே காரணமாக அவர் சொல்லவில்லை. உடன் வந்தவர்களில் சிலர் இறந்தார்கள், சிலர் பிரிந்தார்கள், தம் நிழல் ஒன்றே துணை என்ற துயரத்தையும் சேர்த்தே எழுதுகிறார். உயிரைப் பணயம் வைத்துத் தேடி வந்த புனிதத்தின் முன் நின்ற துறவிக்கே உடன் ஒருவர் இல்லாதது உறுத்தியது என்றால், அந்தத் தேவையை உலகப்பற்று என்று ஒதுக்குவது நியாயமாகாது.

பாஹியான் யாத்திரிகர், லீவு எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டுப் போகிறவர்களை அவரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நோக்கம் வேறுதான். ஆனால் யாத்திரைக்கும் சுற்றுலாவுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு, கிளம்பும்போது இருந்த எண்ணத்தைவிட, போன இடம் ஒன்றைக் கேட்டால் கொடுக்கச் சம்மதமா என்பதில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுவே, தரையிலிருந்து 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலுரு பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள அனங்கு மக்களுக்கு அது வெறும் பாறை அல்ல, முன்னோர் வகுத்த நெறி உறையும் இடம். 1960களில் ஏறுவோருக்காக அதில் சங்கிலி பதித்தார்கள். 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட பின்பும் ஏற்றம் நிற்கவில்லை. தயவுசெய்து ஏறாதீர்கள் என்று பாறையடியில் பலகை வைத்து வேண்டினார்கள். அங்கே குறைந்தது 37 பேர் இறந்திருக்கிறார்கள். தங்கள் மண்ணில் விருந்தினர் இறப்பதை அம்மக்கள் தங்கள் துக்கமாகவே சொன்னார்கள். ஏறுவோர் பங்கு ஐந்தில் ஒன்றுக்குக் கீழே வந்தால் ஏற்றத்தை மூடலாம் என்பது பூங்கா நிர்வாகத்தின் நிபந்தனைகளில் ஒன்று, அது நிறைவேறியது. 2017இல் முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 அன்று ஏற்றத்தை நிரந்தரமாக மூடினார்கள். அந்த நிபந்தனையை நிறைவேற்றியவர்கள் யார்? பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிய சாதாரணப் பயணிகள். அவர்களில் பெரும்பாலோருக்கு அனங்கு மக்களின் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த இடம் கேட்டதைக் கொடுத்தார்கள். நம்பிக்கை இல்லாமலும் மரியாதை இருக்க முடியும், மரியாதை இருக்கும் இடத்தில் யாத்திரையின் சாரமும் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இதே உலுருதான் என் வாதத்துக்கு எதிரான கடினமான கேள்வியையும் எழுப்புகிறது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கடைசி வாரங்களில் ஏறுவதற்கு நீண்ட வரிசை நின்றது. கூட்டமாக வருகிறவர்களுக்கு, தனியே செய்யக் கூசுவதைச் சேர்ந்து செய்யத் துணிவு வருகிறது. நண்பர் குழு என்பது பல நேரம் சொந்த ஊரை முதுகில் கட்டிக்கொண்டு நகர்வது; அதே வேடிக்கை, அதே வம்பு, இடம் மட்டும் வேறு. இதை மறுக்கவே முடியாது. ஆனால் அந்தக் குழுவில் குறைவது நட்புதான். அங்கே நட்பு அளவுக்கு மீறிப் போய்விடவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரே கண்ணால் பார்க்கும்போது அங்கே உடன் நிற்கும் கண் இல்லை, ஒரு கண்ணின் நாலு நகல்கள்தான் இருக்கின்றன. பாறையடியில் ஒருவர், ‘நீங்கள் ஏறுங்கள், எனக்கு மனம் வரவில்லை, நான் சுற்றி நடக்கிறேன்’ என்று சொல்லும்போதுதான் நட்பு வேலை செய்யத் தொடங்குகிறது. அந்தப் பத்துக் கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் அவர் தனியே நடந்தாலும், மற்ற மூவரின் மனத்தில் ஒரு கேள்வியை விட்டுப்போகிறார். ஊர் பேர் தெரியாதவர்கள் வைத்த பலகையைத் தாண்டிவிடலாம். நெடுநாள் நண்பரின் தயக்கத்தை அவ்வளவு எளிதாகத் தாண்ட முடியாது.

மறுமுனையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். சங்கப் புலவர் பிசிராந்தையாரும் மன்னன் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே நட்புப் பூண்டார்கள். கூடிப் பழகுவதைவிட ஒத்த உணர்ச்சியே நட்புக்குப் போதும் என்றார் வள்ளுவர். காண்டாமிருகம் போலத் தனித்துத் திரி என்று பௌத்தமும் போதிக்கிறது. பிறகு ஏன் இந்த உடன்பயணம்? நட்பு உண்டாகக் கூடிப் பழகுதல் தேவையில்லை என்பது வேறு, உண்டான நட்பு என்ன தரும் என்பது வேறு. பார்க்காமலே நண்பரான பிசிராந்தையார், சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது பாண்டிநாட்டிலிருந்து நடந்து போய் அவன் பக்கத்தில்தான் அமர்ந்தார். பெரியதொன்றை எதிர்கொள்ளும் வேளையில் உடன் இருக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. தனித்துத் திரியச் சொல்லும் அதே பௌத்தப் பாடல், தெளிந்த துணை கிடைத்தால் அவரோடு மகிழ்ந்து செல் என்றும் சொல்கிறது. நல்ல நட்பு துறவு வாழ்வில் பாதி என்று சீடர் ஆனந்தர் சொன்னபோது, பாதி அல்ல, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தினார்.

ஆகவே யாரோடு போகிறோம் என்பதை அறை வாடகையைப் பங்கிடும் கணக்கோடு முடித்துக்கொள்வது பெரிய இழப்பு. நம்மைப் போலவே ரசிப்பவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு போனால் நம் ரசனையை மட்டுமே பார்த்துத் திரும்புவோம். நின்று பார்ப்பவர், அவசரப்படுபவர், கும்பிடுபவர், கும்பிடாதவர் எல்லோரும் இருக்கும் குழு சச்சரவு நிறைந்ததாகத்தான் இருக்கும். பெத்ரார்க் கழித்துவிட்ட நண்பர்கள் அவர்கள். அவர்களோடு போய், மாலையில் சாப்பாட்டு மேசையில், நீ என்ன பார்த்தாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, பதிலை முழுதாகக் கேட்டுக்கொள்வதைவிட எளிய சாதனை இல்லை. அதைச் செய்பவர்களும் அதிகம் இல்லை. நான் கண்டதைவிட அந்த இடம் பெரியது என்று ஒப்புக்கொள்வதுதான் எல்லாச் சமயங்களும் வெவ்வேறு வழியில் மனிதனிடம் கேட்கும் பணிவு. நல்ல நண்பர்களோடு செய்யும் பயணம் அதை விரதமோ தீட்சையோ இல்லாமல் கற்றுத்தர வல்லது. அந்த அளவில் அது பொழுதுபோக்கு என்ற பெயருக்குள் அடங்காது. அறவாழ்வின் ஒரு பகுதியாகவே அதை எண்ண வேண்டும்.