சுவரைச் சுரண்டுமுன்



மார்கழி நெருங்கிவிட்டால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் வீடுகளுக்கு வெள்ளையடிப்பு ஆரம்பமாகிவிடும். கிறிஸ்துமஸ் முன்னே வருகிறது, பொங்கல் பின்னே வருகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாக வேலையை முடித்துக்கொள்ளும் சிக்கனக்காரர்களும் உண்டு. முன்னெல்லாம் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பானையிலிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது தானே கொதித்து அடங்கும். வடிகட்டிக் கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையைத் தோய்த்துப் பழைய பூச்சின் மேலேயே அடித்துவிடுவார்கள். சென்ற வருஷத்துச் சுவர் இவ்வருஷத்துச் சுவருக்குள்ளே போய் ஒளிந்துகொள்ளும். யாரும் எதையும் அழிக்கவில்லை, மூடினார்கள், அவ்வளவுதான்.

இப்போது அப்படிச் செய்ய இயலாது. எமல்ஷன் பூசவேண்டுமானாலும், கடைகளில் சுருள் சுருளாக விற்கிற சுவர்க்காகிதத்தை ஒட்டவேண்டுமானாலும், அடியிலுள்ள பழசை முதலில் அகற்றியாகவேண்டும். பொருக்குத் தட்டிய சுண்ணாம்பின்மேல் புதுப்பூச்சு நிற்காது. ஒரு மழைக்காலம் போனால் பாளம் பாளமாக உரியும். ஆகவே சுரண்டியும், கம்பிப் பிரஷும், உப்புத்தாளுமாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். மண்சுவர் வீடுகளில் வேறுவிதமான வேலை. குளிரும் காற்றும் இடுக்குகளில் புகாதிருக்க, பசை காய்ச்சிப் பழைய செய்தித்தாளை ஒட்டி, அதன்மேல் காலண்டர்ப் படங்களை ஒட்டி, அது கிழிந்தால் அதன்மேல் இன்னொன்றை ஒட்டி வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் எத்தனை! வெந்நீரில் ஊறவைத்து உரித்தால் வருஷங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உரிந்து வருகின்றன.

சுரண்டச் சுரண்டச் சுவர் பேச ஆரம்பிக்கும். பால்காரிக்குக் கரியால் இழுத்த கணக்குக் கோடுகள், பிள்ளைகள் வளர வளர வாசற்கால் ஓரம் போட்ட உயரக் குறிகள், ஒரு பிள்ளை பிறந்த கிழமையும் நாழிகையும், எப்போதோ யாரோ வரைந்த சிலுவை. இவற்றின்மேல் சுரண்டியை வைக்கிற கை ஒரு கணம் நிற்குமா, நிற்காதா? நிற்கவேண்டுமா? இதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

“என் வீடு, என் பணம், யாருக்கு என்ன?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம். ஆனால் பட்டா மண்ணைப் பற்றித்தான் சொல்லும். அந்தக் கரிக்கோட்டை இழுத்த கையைப் பற்றிச் சொல்லாது. ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் சம்பாதித்த பேரன் பணம் அனுப்பியிருக்கிறான். வீட்டில் எண்பது வயது அப்பத்தா இருக்கிறாள். சுவரில் இருப்பது அவள் புருஷன் எழுதிவைத்த நெல் கணக்கு. “அது ஒங்க தாத்தா எழுதுனதுய்யா” என்பதற்குமேல் அவளுக்கு வாதாடத் தெரியாது. பேரனோ கெட்டவன் அல்லன். அப்பத்தா நல்ல வீட்டில் இருக்கவேண்டும் என்றுதான் இத்தனையும் செய்கிறான். இருவரும் அன்பினால்தான் மோதுகிறார்கள். அன்புக்கும் அன்புக்கும் வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வது லேசா?

பழசெல்லாம் புனிதம் என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வோருக்குத் தஞ்சைப் பெரிய கோயில் ஒரு சங்கடத்தை வைத்திருக்கிறது. முதலாம் இராசராசன் கட்டி 1010-இல் முடித்த அக்கோயிலின் கருவறையைச் சுற்றி ஓர் இருண்ட பாதை உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அங்கே சென்று பார்த்தபோது, நாயக்கர் காலத்து ஓவியங்கள் உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து வேறு நிறங்கள் தெரிந்தன. அவை சோழர் காலத்து ஓவியங்கள். ஈரச் சுண்ணாம்பில் தீட்டப்பட்டவை. நாயக்கர்கள் அவற்றின்மேல் காரை பூசிப் புதிதாக வரைந்திருந்தார்கள். இப்போது என்ன செய்வது? மேலே உள்ளதைச் சுரண்டினால் முந்நூறு நானூறு வருஷத்துக் கைவேலை போகும். விட்டுவைத்தால் ஆயிரம் வருஷத்துக் கைவேலை இருட்டிலேயே கிடக்கும். “மூத்ததுதான் உண்மை, பிந்தியதெல்லாம் அழுக்கு” என்று சொன்னால், நாயக்கர் காலத்து ஓவியன் செய்த குற்றந்தான் என்ன, பிந்திப் பிறந்ததா?

இந்தியத் தொல்லியல் துறையினர் பொறுமையின் வழியைக் கண்டார்கள். மேற்படலத்தைப் பதனமாகப் பெயர்த்தெடுத்து, கண்ணாடி நார்ப் பலகைகளில் பதித்துத் தனியே வைத்தார்கள். கீழே சோழனும் பிழைத்தான், மேலே நாயக்கனும் பிழைத்தான். நம் வீட்டுச் சுவருக்கு அவ்வளவு செலவு கட்டாது என்பது மெய்தான். ஆனால் சுரண்டியைக் கையிலெடுப்பதற்குமுன் அவர்கள் கேட்ட கேள்வியைக் கேட்பதற்குக் காசு தேவையில்லை.

உரோமாபுரியிலும் இதே வழக்கு எழுந்தது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேல் ஆஞ்சலோ 1541-இல் முடித்த ‘கடைசித் தீர்ப்பு’ ஓவியத்தில் பலர் ஆடையின்றி இருந்தார்கள். திரிதெந்தின் பொதுச்சங்கம் முடிந்த பிறகு, 1565-இல் தானியேலே தா வோல்தெர்ரா என்ற ஓவியர் அவர்களுக்குத் துணி வரையும்படி ஏவப்பட்டார். பாவம், அதன்பின் ‘கால்சட்டை தைப்பவன்’ என்ற கேலிப்பெயரே அவருக்கு நிலைத்தது. பின்வந்தோரும் தங்கள் பங்குக்குத் துணி சேர்த்தார்கள். 1990 முதல் 1994 வரை அச்சுவரைச் சுத்தம் செய்தபோது பிற்காலத்துத் துணிகள் பலவற்றை நீக்கினார்கள். தானியேலே வரைந்தவற்றையோ அப்படியே விட்டுவிட்டார்கள். அவையும் திருச்சபையின் வரலாற்றில் ஒரு பக்கம் அன்றோ! நாணத்தினால் மூடியதும் ஒரு சாட்சியம்தான். இன்னொன்றும் உண்டு. அர்ச். கத்தரீனம்மாளின் உருவத்தில் பெரும்பகுதியையும், அர்ச். பிளாசியாரின் உருவம் முழுவதையும் தானியேலே மூடவில்லை. செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்துவிட்டார். அவ்விடத்தில் மைக்கேல் ஆஞ்சலோவின் கையை எந்தக் கலைஞராலும் மீட்கமுடியவில்லை. மூடியவன் பின்வருவோனுக்கு ஒரு வழியை விட்டுச்செல்கிறான். செதுக்கியவன் விட்டுச்செல்வதில்லை.

இதனால்தான் வெள்ளையடிப்பதை நாம் சற்று அதிகமாகவே இகழ்ந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளையடித்த கல்லறை என்ற சுவிசேஷ உவமையைக் கேட்டுக் கேட்டு, வெள்ளையென்றாலே வேஷம் என்று முடிவு கட்டிவிட்டோம். ஆனால் யூதர்கள் பாஸ்கா விழாவுக்கு முன் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது ஒருவரையும் ஏமாற்றுவதற்கல்ல. யாத்திரிகர்கள் தெரியாமல் மிதித்துத் தீட்டுப்படக்கூடாது என்று எச்சரிப்பதற்கே. நம் ஊர்களிலும் நவம்பர் 2-ஆந் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வெள்ளையடிக்கிறோமே, அதை வஞ்சகம் என்று எவர் சொல்வார்? இறந்தவரை மறக்கவில்லை என்பதற்கு அது அடையாளம்.

உண்மையான வஞ்சகம் வேறிடத்தில் இருக்கிறது. சதுர அடிக் கணக்கில் வேலை பேசிவிட்டு, சுரண்டவேண்டிய சுவரைச் சுரண்டாமலே பட்டி பார்த்து, வர்ணம் பூசிக் கூலி வாங்குவது அது. திருநாள் வரைக்கும் பளபளக்கும், அடுத்த மழையில் உரியும். அதைவிடப் பெரிய அநியாயமும் உண்டு. பழைய எனாமல் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் ஈயம் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதற்கொண்டுதான் அமுலில் இருக்கிறது. அதற்கு முந்திய கதவையும் ஜன்னலையும் உலர உலரத் தேய்த்தால் எழும் தூசி, சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; தேய்க்கிற கூலியாளின் உடம்பிலும் சேரும். நனைத்துத் தேய்க்கவேண்டும், பிள்ளைகளை அப்புறப்படுத்தவேண்டும், ஆளுக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுக்கவேண்டும். “அவன் கேட்கவில்லையே” என்று சொல்லித் தப்பமுடியாது. கேட்கத் தெரியாதவனுக்கும் மூச்சுப்பை ஒன்றே.

ஆக, எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்பது என் கட்சியல்ல. ஈயம் போகட்டும், பூஞ்சணம் போகட்டும், கரையான் அரித்த காகிதம் போகட்டும். நெல் கணக்கு மட்டும் அப்படியல்ல. அதை எழுதியவர் போய்விட்டார். படிக்கத் தெரிந்தவள் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் பேரன் உட்கார்ந்து, “இது எந்த வருஷத்துக் கணக்கு, அப்பத்தா? இந்தக் கோடு எதற்கு?” என்று கேட்கட்டும். அதற்கு ஒரு சாயங்காலம் ஆகலாம். கையிலிருக்கும் போனில் படமெடுத்துக்கொள்ளட்டும். அவள் சொல்வதைப் பதிந்துகொள்ளட்டும். அதன்பின் அவளே, “போதும்யா, அடிச்சிரு” என்று சொன்னாலும் சொல்வாள். சொல்லவில்லையானால் ஒரு முழ அகலத்துக்கு அந்த இடத்தை அப்படியே விட்டு, சுற்றிலும் பூசிக்கொள்ளலாம். பெயின்டர் முகத்தைச் சுளிப்பார். சுவர் ஒரே நிறமாக இராதுதான். வருகிறவர்கள், “இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்பார்கள். அப்பத்தா பதில் சொல்வாள்.