எட்டு வயதுப் பிள்ளைகளால் முடிந்தது!

“உடம்பைக் குறைக்க எனக்கு மனவுறுதி கிடையாதுங்க.” இந்தப் பேச்சை முதலில் தூக்கிக் குப்பையில் போடுங்கள்! உறுதியில்லாதவரா நீங்கள்? ஏழரை மணி சீரியலை வருடக்கணக்காக ஒரு நாள் விடாமல் பார்க்கிறவர்! விளம்பரம் முடிவதற்குள் அடுக்களைக்கு ஓடி, மிக்சர் டப்பாவோடு திரும்புகிறவர்! உங்கள் உறுதிக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பெட்டிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். மீட்டெடுங்கள்!

முடியுமா என்கிறீர்களா? கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு முடிந்திருக்கிறது. தாமஸ் ராபின்சன் என்ற குழந்தை மருத்துவர் அங்கே இரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் ஆறு மாதத்துக்கு 18 பாடங்கள். முதலில் பத்து நாள் டி.வி., வீடியோ, வீடியோ கேம் மூன்றுக்கும் முழுக்கு. பிறகு வாரத்துக்கு ஏழே மணி நேரம். இதைத் தின்னாதே, மைதானத்தைச் சுற்றி ஓடு என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. கடைசியில் அளந்து பார்த்தார்கள். வளர்கிற பிள்ளைகள், எடை ஏறத்தான் செய்யும். ஆனால் மற்றப் பள்ளியைவிட இவர்களுக்கு உடற்பருமன் அளவும் இடுப்புச் சுற்றளவும் ஏறியது குறைவு. டி.வி. முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதும் குறைந்திருந்தது. 1999இல் வெளிவந்த ஆய்வு இது.

சூட்சுமம் அந்தத் தட்டில் இருக்கலாம். கண் திரையில், கை தட்டில். வயிறு ‘போதும்’ என்று சொன்னால் யார் கேட்பது? போதாக்குறைக்கு, பசியில்லாதவனையும் பசிக்க வைக்கும் விளம்பரங்கள்.

பெரியவர்கள் கதையும் இதுதான். 2003இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் 50,000 பெண்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் டி.வி. பார்ப்பது இரண்டு மணி நேரம் கூடக்கூட, பருமனாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது. வீட்டுக்குள்ளேயே தினமும் இரண்டு மணி நேரம் நின்றும் நடந்தும் இருந்தவர்களுக்கு அது 9 சதவீதம் குறைவு. தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு! ஜிம் இல்லை, விலை உயர்ந்த ஷூ இல்லை. கால் இருக்கிறதே, அது போதாதா?

“எங்க வம்சமே இப்படித்தான்” என்பீர்கள். இருக்கட்டும். தைராய்டோ மருந்தோ காரணமென்றால் டாக்டரைப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். குண்டானவர்களைக் கேலி செய்கிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். ஆனால் வம்சத்தைச் சொல்லிச் சோபாவில் சாயாதீர்கள்! ரிமோட்டைப் பாட்டனாரா உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்?

இன்றிரவே தொடங்குங்கள். தட்டு கூடத்துக்கு வரக் கூடாது. மிக்சர் டப்பா மேல் பரணுக்குப் போகட்டும். ஏழரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. நாயகியின் கல்யாணம் எப்படியும் இந்த மாதம் நடக்கப் போவதில்லை. நிம்மதியாக நடந்துவிட்டு வாருங்கள்!