சாராவின் பொருத்தனை

மரண பயத்தில் ஒருவர் இறைவனிடம் செய்கிற பிரதிக்ஞை, அந்தப் பயம் நீங்கிய பின்னரும் அவரைக் கட்டுப்படுத்துமா என்பதும், அதிலும் இறைவன் உண்டென்ற நிச்சயமே இல்லாத உள்ளத்தினின்று எழுந்த பிரதிக்ஞை செல்லுமா என்பதும், நேர்த்திக்கடனை வீட்டுக்கு வீடு அறிந்த நம்மவர்க்குப் புதிய வினாக்கள் அல்ல. ஆயினும் அவ்வினாக்களை ஒரு பெண்ணின் அந்தரங்கத்தில் வைத்து, அவள் உயிர் பிரியும் வரை விடாது தொடர்ந்து சென்ற நூலென்று நான் போற்றுவது, ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன் 1951-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி எண்ட் ஆஃப் தி அஃபேர்' என்பதைத்தான்.

சாரா, ஹென்றி மைல்ஸ் என்னும் அரசாங்க அதிகாரியின் மனைவி. லண்டனில் கிளாப்பம் என்ற பகுதியிலுள்ள பொதுவெளியின் ஒரு புறத்தில் அவர்கள் வீடு. மறுபுறத்தில் அவளுடைய காதலனும் நாவலாசிரியனுமான மாரிஸ் பெண்ட்ரிக்ஸின் ஜாகை. 1944 ஜூன் மாதத்தில், ஆளில்லாமல் பறந்துவரும் ஜெர்மானியக் குண்டுகள் நகரின்மீது விழத் தொடங்கிய நாட்களில், அவ்விருவரும் சேர்ந்திருந்த வேளையில் ஒரு குண்டு வெடிக்க, பெயர்ந்து விழுந்த வாயிற்கதவின் அடியில் கிடக்கும் பெண்ட்ரிக்ஸ் இறந்தே போனான் என்று எண்ணிய சாரா, அதுவரை எந்தத் தெய்வத்தையும் நம்பியறியாதவள், முழந்தாளிட்டு, அவனை உயிரோடு விட்டால் அவனை நிரந்தரமாகத் துறந்துவிடுவதாகப் பொருத்தனை செய்கிறாள். சிறிது நேரத்தில் அவன் எழுந்து அறைக்குள் வருகிறான். காரணம் ஒன்றும் கூறாமல் அன்றே அவள் அவனைப் பிரிகிறாள். அவனோ, தன் இடத்தை வேறொருவன் பிடித்துக்கொண்டான் என்று பொறாமையில் வெந்து, பின்னர் துப்பறிபவனை ஏவி அவளுடைய நாட்குறிப்பைக் கைப்பற்றி, தன் போட்டியாளன் யாரென்பதை அதில் படித்துத் தெரிந்துகொள்கிறான்.

கத்தோலிக்க சாஸ்திரத்தின்படி பார்த்தால், சாராவின் பொருத்தனை பொருத்தனைதானா என்பதே சந்தேகம். ஆலோசனை, சங்கற்பம், வாக்கு என்ற மூன்றும் அதற்கு இன்றியமையாதவை என்றும், கடமைக்கு மேற்பட்ட ஒரு நன்மையே அதன் உரிய விஷயம் என்றும் தாமஸ் அக்வினாஸ் வகுத்தார். குண்டுவீச்சின் நடுவே ஆலோசனைக்கு இடமேது? பிற புருஷனைத் துறப்பதோ, விவாகத்தின் போதே அவள்மீது விழுந்துவிட்ட கடமை. போதாக்குறைக்கு, பெண்ட்ரிக்ஸ் வெறுமனே மூர்ச்சையாகிக் கிடந்திருக்கலாம். விடுதலை வேண்டும் என்று அவள் நினைத்திருந்தால் வாதங்கள் எத்தனையோ கிடைத்திருக்கும். அவள் அவற்றைத் தேடாமலும் இல்லை. பொதுவெளியில் நின்று தெய்வம் இல்லையென்று பிரசங்கிக்கும் ஸ்மைத் என்ற பகுத்தறிவுவாதியிடம் மீண்டும் மீண்டும் சென்று, தன்னைக் கட்டியிருக்கும் வாக்கு வெறும் காற்றோடு பேசியதுதான் என்று அவன் நிரூபித்துவிடமாட்டானா என ஏங்குகிறாள். இல்லாத ஒன்றின்மீது ஒருவனுக்கு இத்தனை துவேஷம் இருக்க முடியுமா என்ற எண்ணமே அவன் பேசப் பேச அவளுள் வலுக்கிறது. நாஸ்திகன் ஒருவன் அறியாமலே ஆஸ்திகத்துக்கு வழிகாட்டும் அப்பகுதியை ஆசிரியர் ஆரவாரமின்றி எழுதியிருக்கும் நேர்த்தி, 1926-லேயே கத்தோலிக்க மதத்தைத் தழுவியிருந்த அவர், அவிசுவாசத்தின் வேதனையையும் உள்ளிருந்து அறிந்தவர் என்பதைக் காட்டுகிறது.

நாவலின் பிற்பகுதியில், சாராவின் மரணத்துக்குப் பின், துப்பறிபவனுடைய மகனின் நோய் தீர்வதும், ஸ்மைத்தின் முகத்தில் பிறவியிலேயே இருந்த செந்தழும்பு மறைவதுமாகிய அற்புதங்கள் வருகின்றன. இவை நாவலுக்குப் பலவீனம் என்பதே என் துணிபு; கிரீனே பிற்காலத்தில் அவ்வாறு உணர்ந்து, ஸ்மைத்தின் தழும்பை இயற்கையாகவே தீரக்கூடிய தோல் நோயாக மாற்றினார். ஒருத்தியின் புனிதத்துக்கு அவள் இறந்தபின் அத்தாட்சி தேட வேண்டியதில்லை, அவள் உயிரோடிருக்கும்போதே அது நிகழ்ந்துவிட்டிருக்கையில்.

நான் கருதுவது ஹென்றியைப் பற்றிய அந்த ஒரு சிறு நிகழ்ச்சியை. இந்நாவலைக் காதலனுக்கும் கடவுளுக்கும் இடையே நடக்கும் போராட்டமாக மட்டும் படிப்பவர்கள் கணவனை எளிதில் மறந்துவிடுகிறார்கள்; சாராவும் ஒரு நாள் மறக்கத்தான் முயல்கிறாள். பொருத்தனையைத் தாங்கும் சக்தி அற்றுப்போய், அதை முறித்துப் பெண்ட்ரிக்ஸிடமே போய்விடுவதென்று தீர்மானித்து, ஹென்றிக்குக் கடிதமும் எழுதிவைத்துப் புறப்படும் தறுவாயில், அவன் துயரத்தோடு வீடு திரும்பி, தன்னை விட்டுப் போய்விட வேண்டாமென்று கெஞ்சுகிறான். அவள் போவதில்லை என்று வாக்குக் கொடுக்கிறாள். நிறைவேற்ற வேண்டிய வாக்குகளில் இன்னுமொன்று சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறாள். கண்ணுக்குப் புலப்படாதவனிடம் செய்த பிரதிக்ஞையை அவளால் அன்று காப்பாற்ற இயலவில்லை. கண்ணெதிரே அழுதுநிற்கும், தான் காதலிக்காத, வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனிடம் இரக்கத்தால் சொன்ன வாக்குத்தான் முந்தியதையும் சேர்த்துத் தாங்கிற்று. இந்த இரண்டாவது வாக்கில் அச்சம் இல்லை, பேரமும் இல்லை, பதிலுக்கு அவள் எதையும் கேட்கவுமில்லை. அக்வினாஸ் கேட்ட ஆலோசனை அதிலும் இல்லாதிருக்கலாம், ஆனால் கடவுளிடம் கொடுக்க அஞ்சி அவள் கையில் இறுகப் பிடித்திருந்ததை, கடவுள் பெயரைச் சொல்லாமலே ஹென்றியிடம் கொடுத்துவிட்டாள். அதன் பின் அவன் வீட்டிலேயே இருந்து, அவ்வீட்டிலேயே அவள் இறந்தாள்.